மலாவியில் இரண்டு ஆண்டு தன்னார்வ நர்ஸ் பணி: போகலாமா?

குமரிச் செவிலி எழுதியது:

வணக்கம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வயது 31.

வெளிநாட்டுத் தன்னார்வ அமைப்பு ஒன்றின் நேர்காணலில் தேர்வாகியிருக்கிறேன். மலாவியின் தென்பகுதியில் ஒரு மாவட்ட மருத்துவமனை. குழந்தைகள் பிரிவில் இரண்டு ஆண்டுப் பணி. சம்பளம் கிடையாது, தங்க இடம், மாதாந்தரப் படி, காப்பீடு, விமான டிக்கெட் தருவார்கள். வீட்டில் அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. "வளைகுடாவுக்குப் போனாலாவது கையில் நாலு காசு மிஞ்சும், ஆப்பிரிக்காவுக்குப் போய் ஓசியில் உழைப்பார்களா?" என்று கேட்கிறார். மலேரியா பயம் வேறு. தங்கையின் கல்யாணக் கடன் போன ஆண்டுதான் அடைந்தது, அதனால் பணப் பொறுப்பு இப்போது எனக்கு இல்லை.

போய் வந்தவர்கள் யாராவது அங்கே அன்றாடம் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். வார்டு, சாப்பாடு, உடம்பு, தனிமை, எல்லாம். விளம்பரத் துண்டில் இருப்பதை நான் படித்துவிட்டேன்.

லுசாகா எஞ்சினியர் எழுதியது:

நான் ஐ.நா. தன்னார்வலராகப் பக்கத்து நாடான ஜாம்பியாவில் இருந்தவன். துறை வேறு, குடிநீர். ஒப்பந்தம் பற்றி மட்டும் சொல்கிறேன். படி என்பது அந்த ஊரில் எளிமையாக வாழப் போதுமானது, சேமிப்பை எதிர்பார்க்காதீர்கள். அது எந்த நாணயத்தில் வரும் என்று கட்டாயம் கேளுங்கள். மலாவியின் நாணயமான குவாச்சாவின் மதிப்பை 2022 மே மாதம் 25 விழுக்காடும், 2023 நவம்பரில் 44 விழுக்காடும் குறைத்தார்கள். குவாச்சாவில் படி வாங்கியவர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, காப்பீட்டில் அவசரத்துக்கு வேறு நாட்டுக்குத் தூக்கிச் செல்லும் செலவு அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மற்றதை நர்ஸாக இருந்தவர்கள் சொல்லட்டும்.

மதுரை நர்ஸம்மா எழுதியது:

தங்கச்சி, நீங்கள் போகப்போகும் அதே தென்பகுதியில் நான் இருந்தேன். 2022 இல் போய் 2024 இல் திரும்பினேன். சோம்பா நகரத்திலிருந்து மினிபஸ் போகிற தூரத்தில் ஒரு மாவட்ட மருத்துவமனை. வேலையும் உங்கள் வேலைதான், பச்சிளங்குழந்தைகள். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த அமைப்பிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வார்டில் என்னோடு ஜோடியாக வேலை செய்யப்போகும் உள்ளூர் நர்ஸ் யார்? பெயரும் பதவியும் சொல்லி, "இவர்தான்" என்று காட்டினால் கிளம்புங்கள். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் எவ்வளவு நல்ல அமைப்பாக இருந்தாலும் பொறுத்திருங்கள். மலேரியா, மின்வெட்டு, சாப்பாடு எல்லாம் இதற்குப் பிறகுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது வார்டைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

குறைமாதப் பிரசவம் மலாவியில் மிக அதிகம். 2010 க்கான உலகக் கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினெட்டு என்று வந்தது, உலகிலேயே உச்சத்தில் இருந்த எண் அது. நீங்கள் பழகியிருப்பது ஒரு குழந்தைக்கு ஒரு வார்மர், ஒரு மானிட்டர், ஒரு நர்ஸ். அங்கே ஓர் இரவு ஷிஃப்டில் ஒரே நர்ஸ் முழு வார்டையும் பார்ப்பது சாதாரணம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஒரு கான்சென்ட்ரேட்டரிலிருந்து குழாய் பிரித்துப் பல குழந்தைகளுக்கு விடுவோம். பிளாண்டயர் நகரில் உள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் சோதித்துப் பார்த்துப் பரப்பிய விலை குறைந்த பபுள் சிபாப் கருவி, அதாவது காற்றழுத்தம் கொடுத்துக் குழந்தையின் மூச்சுக்குத் துணை செய்யும் கருவி, எங்களிடமும் இருந்தது. நல்ல கருவி. ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த ஆண்டில் அந்தக் கரண்ட்தான் இல்லை. 2022 ஜனவரியில் அடித்த அனா புயலில் ஷிரே ஆற்றின் கபிச்சிரா நீர்மின் நிலையம் உடைந்துபோனது. நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆகவே தினமும் மின்வெட்டு. ஜெனரேட்டர் உண்டு, டீசல் இருந்தால் ஓடும். டீசலுக்கே பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்ற காலமும் அது.

என்னோடு வேலை செய்த அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என்னைவிட வயதில் மூத்தவர், அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ். சாயங்காலம் வானம் கறுத்தால் அவர் மீட்டர் எதையும் பார்க்க மாட்டார். மூச்சு சீராக இருக்கும் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தொட்டிலிலிருந்து எடுத்து அம்மாக்களின் நெஞ்சில் கட்டத் தொடங்கிவிடுவார். கரண்ட் போவதற்கு முன்பே பாதி வார்டு பத்திரமாகியிருக்கும். மெஷின் நின்றால் கை வேண்டியது நிஜமாகவே மூச்சுக்குத் திணறும் குழந்தைகளுக்கு மட்டும்தானே.

குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு தோல் படக் கட்டிவைக்கும் கங்காரு பராமரிப்பு உங்களுக்குத் தெரியும். 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாத மருத்துவமனையில் தொடங்கிய முறை. நம் ஊரில் அதற்கென்று தைத்த பை கொடுக்கிறோம். அங்கே சித்தெஞ்சே போதும், பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் இரண்டு மீட்டர் பருத்தித் துணி. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும். அம்மாவின் மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியின் மேல்விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வரும்படி இழுத்து, பின்னால் கொண்டுபோய் விலாவில் முடிச்சு. முடிச்சு முதுகில் விழுந்தால் அம்மாவால் சாய்ந்து தூங்க முடியாது, அரைமணியில் அவிழ்த்துவிடுவார். இதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. அந்த அக்கா சொல்லிக் கொடுத்தது.

பதிலுக்கு நான் கொண்டுபோனவையும் உண்டு. மூக்குக் குழாய் வழியாகப் பால் கொடுக்கும் அளவைத் தினமும் எடை பார்த்துக் கணக்கிடுவது, கை கழுவும் ஒழுங்கு, பிறந்து மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே காற்றுப் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுப்பது, வாரம் ஒரு முறை இறந்த குழந்தைகளின் கேஸ் தாள்களை எடுத்து வைத்து யாரையும் குற்றம் சொல்லாமல் பேசுவது. இவற்றில் எதையும் நானாக வார்டில் அறிவிக்கவில்லை. அக்காவோடு பேசுவேன். அவருக்குச் சரி என்று பட்டால் அவர் தம் வாயால் சொல்வார், அவர் பாணியில் மாற்றிச் செய்வார். சிலவற்றை வேண்டாம் என்று ஒதுக்கினார், பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருந்தது. நான் கிளம்பிய பிறகும் வாரக் கூட்டம் நடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். அது அவர் தொடங்கிய கூட்டம், அதனால் நடக்கிறது.

பக்கத்து மாவட்டத்தில் ஜோடி இல்லாமல் வந்து சேர்ந்த ஒரு தன்னார்வலரைப் பார்த்தேன். கெட்டிக்காரர், இரவு பகலாக உழைத்தார். ஆனால் ஆள் இல்லாத ஷிஃப்டில் எல்லாம் அவரைப் போட்டார்கள். அவர் ஊர் திரும்பிய மறுநாள் வார்டு பழையபடி ஆனது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆள் பற்றாத இடத்தில் வந்த ஆளைப் பயன்படுத்தத்தான் செய்வார்கள்.

மொழி. பிரசவ அறையில் ஆங்கிலம் உதவாது. அங்கே பேசும் மொழியான சிச்சேவா கற்றுத்தான் ஆக வேண்டும். அமைப்பு நடத்தும் வகுப்பு போதாது. காவலாளியோடும் சந்தைக்காரம்மாவோடும் பேசினால்தான் வரும். காலையில் நேரே வேலைக்குள் நுழையக் கூடாது. எல்லோரிடமும் நலம் விசாரித்து, அவர்கள் விசாரிப்பதற்குப் பதில் சொல்லி, பிறகுதான் கேஸ் தாளைத் தொட வேண்டும். நோயாளிகள் தங்கள் மருத்துவக் குறிப்பேட்டைத் தாங்களே கையோடு வைத்திருப்பார்கள், ஹெல்த் பாஸ்போர்ட் என்பார்கள். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சித்தெஞ்சேயில் முடிந்து கொண்டுவருவார்கள். அதை இரண்டு கையாலும் வாங்குங்கள்.

ஒவ்வொரு நோயாளியோடும் உறவினர் ஒருவர் வருவார். மருத்துவமனை வளாகத்திலேயே அவர்களுக்கு ஒரு கொட்டகை; விறகு வைத்து இன்சிமா என்னும் சோளமாவுக் களி கிண்டுவார்கள், துணி துவைப்பார்கள், படுப்பார்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவர்கள்தான். அவர்களில்லாமல் அந்த மருத்துவமனை ஒரு நாள் நடக்காது. முதல் வாரமே அந்தக் கொட்டகைக்குப் போய் உட்காருங்கள், வார்டு பாதி புரிந்துவிடும்.

இனி, நிஜமாகவே கடினமான விஷயம். பணம். ஜனவரி முதல் மார்ச் வரை பழைய சோளம் தீர்ந்து புதுச் சோளம் அறுவடைக்கு வராத மாதங்கள். பால் சுரக்கவில்லை என்று அழும் தாயிடம் விசாரித்தால் அவர் முந்தின நாள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று தெரியும். ஊர் திரும்ப மினிபஸ் காசு இல்லாமல், டிஸ்சார்ஜ் ஆன பிறகும் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். நாம் இந்தியர் என்பதால் ஒரு கூடுதல் எதிர்பார்ப்பும் உண்டு. அங்கே இந்தியர் என்றால் கடை முதலாளி, பெரும்பாலும் குஜராத்தியர், நகரங்களில் இருப்பவர்கள். கிராமப்புறத்தில் கடை வைத்திருந்த ஆசியரை 1970களில் அன்றைய அதிபர் பண்டாவின் அரசு நகரங்களுக்கு விரட்டியது. ஆகவே கிராமத்தில் நோயாளியின் பக்கத்தில் உட்காரும் இந்தியரைப் பலர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். "உன் கடை எங்கே?" என்று கேட்பார்கள்.

கேட்டவருக்கெல்லாம் கையில் கொடுத்தால் ஒரு மாதத்தில் நீங்கள் நர்ஸாக இருக்க மாட்டீர்கள். கொடுக்காமல் நகர்ந்தால் இரவில் தூக்கம் வராது. நானும் அக்காவும் பேசி ஒரு வழி வைத்தோம். வார்டு ஊழியர்கள் எல்லோரும் மாதாமாதம் முடிந்ததைப் போடும் ஒரு பெட்டி, அதில் என் பங்கும் போகும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் அக்கா. யாருக்கு நிஜமான தேவை என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் கையிலிருந்து நேராக யாருக்கும் போகாது. இதை முதல் மாதத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாவு வீடும் அப்படித்தான். வார்டில் ஒருவர் வீட்டில் துக்கம் என்றால் எல்லோரும் போவார்கள், காசு போடுவார்கள். பெண்கள் வீட்டுக்குள் தரையில் உட்காருவார்கள். வேலை கெடுகிறதே என்று நினைக்காமல் நீங்களும் போய் உட்காருங்கள். அந்த ஊரில் நம்மை ஒருத்தியாக ஏற்றுக்கொள்வது அங்கேதான்.

2023 மார்ச்சைச் சொல்லாமல் விட முடியாது. அதற்கு முந்தின ஆண்டே காலரா பரவத் தொடங்கி, நாட்டின் வரலாற்றிலேயே மோசமான பரவலாகி, 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அது அடங்காத நேரத்தில் ஃபிரெடி புயல். இந்தியப் பெருங்கடலில் ஐந்து வாரங்களுக்கு மேல் சுற்றிய புயல் அது. பிளாண்டயரில் மலைச்சரிவுக் குடியிருப்புகள் சேற்றில் புதைந்தன. எங்கள் பக்கம் பாலங்கள் போயின. மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய குழந்தைகளை அனுப்ப முடியவில்லை. போன் வேலை செய்யாததால் மதுரையில் என் வீட்டார் பட்ட பாடு தனி. உங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: சில நாள் பேச்சு வராது, அப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று அமைப்பின் இந்தியத் தொடர்பு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

உடம்பு: மலேரியா ஆண்டு முழுக்க உண்டு. கொசுவலை தப்பாமல். காய்ச்சல் என்றால் அன்றே விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். வந்தால் எல்.ஏ. என்னும் மலேரியா மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு. தடுப்பு மாத்திரை எது என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மலாவி ஏரி அழகுதான், ஆனால் தண்ணீரில் இறங்கினால் பில்ஹார்சியா என்னும் புழுநோய்க் கிருமி தோல் வழியாக ஏறும்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். தென்பகுதியில் சோளத்துக்கு நடுவே துவரை போடுகிறார்கள். 2021 இல் இந்தியா ஆண்டுக்கு 50,000 டன் துவரை வாங்க மலாவியோடு ஒப்பந்தமே போட்டது. உடைத்த பருப்பு பிளாண்டயரை ஒட்டிய லிம்பேயில் இந்தியக் கடைகளில் கிடைக்கும். புளி சந்தையிலேயே உண்டு. முருங்கைக்கீரை வேலியோரம் நிற்கும், அங்கே அதன் பெயர் சம்வம்பா. ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிபா நம் நெத்திலிக் கருவாடு மாதிரியே இருக்கும். பெருங்காயமும் கடுகும் மட்டும் பெட்டியில் வையுங்கள்.

தனிமை இருக்கும். ஆறு மணிக்கு இருட்டிவிடும், கரண்ட் இருக்காது. பழகிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். சில மாலைகளில் பழகும், சில மாலைகளில் பழகாது.

வாசகர் திருச்சி எழுதியது:

நர்ஸம்மா எழுதியதை மதித்தே கேட்கிறேன். மலாவியில் படித்து முடித்த நர்ஸுகள் பலர் வேலையில்லாமல் இருக்கிறார்களே. அரசிடம் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாததால் இடங்கள் நிரப்பப்படுவதில்லை, பலர் இங்கிலாந்துக்குப் போகிறார்கள். இந்த நிலையில் கோவையிலிருந்து ஒருவரை விமானத்தில் அழைத்துப்போவது எந்த நியாயம்? அந்தச் செலவுக்கு இரண்டு உள்ளூர் நர்ஸுகளை வேலைக்கு வைக்கலாமே.

மதுரை நர்ஸம்மா எழுதியது:

நீங்கள் சொல்வது உண்மை. நான் இருந்த ஊரிலேயே நர்சிங் டிப்ளமா முடித்த பெண் ஒருத்தி சந்தையில் மந்தாசி என்னும் மாவுப் பலகாரம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் இதே கேள்விதான் எனக்கும். இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. அது அந்த நாட்டு வரவு செலவிலும் கடனிலும் கிடக்கிறது.

ஆனால் ஒன்றில் தெளிவாக இருக்கிறேன். ஷிஃப்ட் நிரப்ப ஒரு ஆளாகப் போவதென்றால் போகக் கூடாது. அது அந்தப் பெண்ணின் இடம். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையில் பல ஆண்டு கைப்பழக்கம் என்பது வேறு. அதை ஒரு மாவட்ட மருத்துவமனையில் உள்ளவர்கள் கற்க பிளாண்டயருக்கோ தலைநகர் லிலோங்வேக்கோ போக வேண்டும். அவர்கள் போனால் வார்டில் ஆள் இருக்காது. நாம் போய் அவர்கள் பக்கத்தில் நின்றால் வார்டை விடாமலே கற்பார்கள். ஜோடி நர்ஸ் யார் என்று கேட்கச் சொன்னதும் இதற்காகத்தான். அந்த ஆள் இருந்தால் நீங்கள் யார் இடத்தையும் பிடிக்கவில்லை. இல்லையென்றால் பிடிக்கிறீர்கள்.

குமரிச் செவிலி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். புயல் பகுதியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். இன்னும் சம்மதம் இல்லை, ஆனால் கோபம் குறைந்திருக்கிறது.

ஜோடி நர்ஸ் பற்றி அமைப்புக்கு எழுதினேன். "மருத்துவமனை நிர்வாகம் பணியில் சேர்ந்த பிறகு நியமிக்கும்" என்று பதில். என்ன செய்யட்டும்?

மதுரை நர்ஸம்மா எழுதியது:

மறுபடி எழுதுங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல். "மாவட்ட நர்சிங் அதிகாரியோடு ஒரு வீடியோ அழைப்பு ஏற்பாடு செய்யுங்கள், அவரிடமே பேசிக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். அந்த அதிகாரிக்குத் தன் வார்டில் யார் தங்குவார், யார் மாறுதலில் போவார் என்று நன்றாகத் தெரியும். பேசிய பிறகும் பெயர் வரவில்லையென்றால் இந்த வாய்ப்பை விட்டுவிடுங்கள். உங்கள் அனுபவத்துக்கு அடுத்த ஆண்டு வேறொன்று வரும்.

அதற்கிடையில் காகித வேலையைத் தொடங்கிவிடலாம், எங்கே போனாலும் பயன்படும். தமிழ்நாடு நர்சஸ் கவுன்சிலில் குட் ஸ்டாண்டிங் சான்றிதழுக்கு, அதாவது உங்கள் நர்ஸ் பதிவில் குறை எதுவும் இல்லை என்னும் சான்றுக்கு, இப்போதே விண்ணப்பியுங்கள். மலாவி நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்காமல் வார்டில் நோயாளியைத் தொட முடியாது, அந்தப் பதிவுக்கு இது வேண்டும். விமானம் அடிஸ் அபாபா வழியாக என்றால், திரும்பும்போது இங்கே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

அம்மாவுக்கு என்னோடு பேச வேண்டும் என்றால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு எப்போதும் வீட்டில்தான் இருப்பேன்.